ரூபாய்க்கு எட்டுக் காசு

போன மாசியில் நவரை நடவுக்குள் கோனோவீடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வரப்பில் வந்து நின்றார். கூட வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கையில் இரண்டு செல்போன். பயிரைப் பார்க்க வருகிறவரையும் நிலத்தைப் பார்க்க வருகிறவரையும் வரப்பில் நிற்கும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அவர் குனிந்து ஒரு தூரைக்கூடத் தொடவில்லை. ரோட்டுக்கும் கழனிக்கும் எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் போனதும் மச்சான் ஆரம்பித்தார். "இன்னா மாப்ள, 54 வயசு ஆவுது. இந்தத் தொண்ணூறு சென்ட்ட வச்சிக்கினு கடைசி காலத்துல இன்னா பண்ணப் போறீங்க? அவரு சொல்ற வெலைய பேங்க்ல போட்டாலே, நீங்க நெல்லு வித்து சம்பாரிக்கறதவிட மாசம் வட்டி ஜாஸ்தியா வரும்."

நான் மேடையில் பேசிப் பழகிய ஆள். பதில் தயாராகவே இருந்தது. "மச்சான், நிலந்தான் எனக்குப் பென்ஷன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "நெலம் பென்ஷன்னு எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களாமே. பென்ஷன்னா மாசாமாசம் வரணும். போன வருஷம் எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்ப எந்த நெலம் காசு குடுத்துச்சு? என் வளையல்தானே குடுத்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் இயக்கத்து நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வட்டி, முதலீடு என்று பேசுவது தற்சார்புக்கு விரோதம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான்.

எங்கள் செவிலிமேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரை ஊர். இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஒரு தெருவில் தறிச்சத்தம் கேட்கும், அடுத்த தெருவில் நெல் காயும். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு. எங்கள் வீடு அப்படி. அப்பா தறியும் நெய்தார், கழனியும் பார்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் தறிக்குழியில் இறங்கினார், நான் சேற்றில் இறங்கினேன். இரண்டு பேரும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. 2020-இல் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் நின்றபோது அண்ணன் வீட்டில் தறியும் நின்றது. அந்த மாதங்களில் அவர் வீட்டு அடுப்பில் எரிந்தது என் கிச்சிலிச் சம்பா. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அண்ணனுக்கு 60 தாண்டியபோது வேறொன்றைப் பார்த்தேன். அவர் கூட்டுறவுச் சங்கத்து நெசவாளர். சங்கத்தில் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு பிடித்துக்கொள்வார்கள். அரசு நாலு காசு போடும். அதற்கு வட்டியும் சேரும். அண்ணன் ஆயுசு முழுக்க அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். "கைக்கு வர்றதே கால்வயித்துக்கு, அதுலயும் புடிச்சிக்கறாங்க" என்பார். கடைசியில் கணக்கை முடித்தபோது அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. கூட்டுறவு நெசவாளர் முதியோர் ஓய்வூதியமாக மாதம் 1,200 ரூபாயும் வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் அண்ணி தன் சர்க்கரை மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டுவதில்லை.

தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்த என் சித்தப்பா மகனுக்கு இது கிடையாது. அதே கோர்வை, அதே ஜரிகை, அதே முதுகுவலி. சங்கத்துக் கணக்கில் மட்டும் அவர் பெயர் இல்லை. உழவனான எனக்கும் இல்லை. முப்பது வருஷம் நெல் விற்றிருக்கிறேன். ஒரு மூட்டை விலையிலிருந்தாவது ஒரு காசை யாரும் என் கிழவயசுக்கென்று பிடித்து வைத்ததில்லை. நானும் வைக்கவில்லை.

இது நம் எல்லோருக்கும் பொதுவான நிலைமை. அரசு ஊழியருக்கு ஓய்வூதியம், தொழிற்சாலை ஆளுக்கு வைப்பு நிதி. உழவனுக்கு என்ன என்று கேட்டால், நிலம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறான், வீட்டுக்காரி கழுத்தில் நகை இருக்கிறது என்பார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நிலம் சோறு போடும். அதில் சந்தேகமே இல்லை. இடுபொருளுக்குக் கடையில் நிற்காத உழவனுக்கு இன்னும் நிச்சயமாகப் போடும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவசரமாக இருபதாயிரம் வேண்டும் என்றால் நிலத்தில் இருபதாயிரத்துக்கு மட்டும் வெட்டிக் கொடுக்க முடியாது. அவசரத்துக்கு விற்கிறவனிடம் வாங்குகிறவன் பாதி விலைதான் பேசுவான். அதுவும் பட்டா சரியாக இருந்தால். எங்கள் பக்கத்தில் பாதிப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலும் கூட்டுப் பட்டாவாகவும் கிடக்கிறது. அதை வைத்துக் கடனும் வாங்க முடியாது, பாகமும் பிரிக்க முடியாது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி வைத்துவிடுங்கள். உங்களுக்கு அப்புறம் வீட்டுக்கார அம்மா தாலுகா ஆபீஸ் படி ஏறி அலையக் கூடாது.

நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றும் சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான். ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். ஏரியும் கழனியும் தான் கடைசி வரைக்கும் என்றிருந்த குடும்பங்கள் அவை. அவர்கள் போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அரசாங்கம் ஒரு வரைபடத்தில் கோடு போட்டால் ஒரு குடும்பத்தின் மொத்தக் கடைசிகாலத் திட்டமும் ஒரே நாளில் ஆட்டம் காண்கிறது என்பதையும் அங்கேதான் பார்க்கிறோம்.

மரம் வைத்தால் பென்ஷன் என்பதும் நாம் அதிகம் சொல்வது. நானும் வரப்பில் தேக்கும் வேம்பும் வைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று நம்பித்தான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தென்னை வைத்தார்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். ஒரே ராத்திரி. விடிந்து பார்த்தால் தோப்பு தோப்பாகத் தலைகீழ். புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். அறுபது வயதுக்காரர் அந்த ஐந்தாறு வருஷத்துக்கு எங்கே போவார்? மரத்தின் மேல் குறை இல்லை. ஒரே மரத்தை மட்டும் நம்பியதுதான் குறை.

நகையைப் பற்றி என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவசரத்துக்கு நின்றது அதுதான். ஆனால் அதன் விலையும் ஒரே மேட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. 2020 ஆகஸ்டில் பவுன் 43 ஆயிரத்தைத் தொட்டது, அடுத்த ஏழெட்டு மாதத்தில் 33 ஆயிரத்துப் பக்கம் இறங்கியது. இப்போது எங்கேயோ போய்விட்டது. இறங்கின மாதத்தில் விற்க நேர்ந்தவளுக்கு, ஏறின கதையால் என்ன லாபம்? சேதாரம், செய்கூலி போனது தனி. அதோடு, நம் வீடுகளில் நகை சேமிப்பாக இருப்பதைவிட அடமானமாக இருக்கும் நாள்தான் அதிகம். ஒவ்வொரு நடவுக்கும் உள்ளே போய், அறுவடைக்கு வெளியே வரும். அதைச் சேமிப்பு என்று எண்ணிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. என் மகன் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான், நல்ல பையன். அவனுக்கே வாடகை, அவனுக்கே பிள்ளை படிப்பு. நான் அவன் மேல் இன்னொரு கடனாக ஏறக் கூடாது.

இவை எல்லாம் கைகொடுக்காது என்று பயப்படுகிற இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் வந்து நிற்கிறான். வயசு ஏறிப்போச்சு, சேர்த்தது போதாது என்ற பயம்தான் அவனுக்கு மூலதனம். உழவர்களைத் தேடி அவன் வரும்போது உழவு வேஷத்திலேயே வருவான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தொண்ணூறுகளில் தேக்கு. அனுபவ் பிளான்டேஷன்ஸ் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் 1998-இல் தெருவில் நின்றார்கள். அப்புறம் ஈமு. பெருந்துறை சுசி ஈமு பண்ணையில் லட்சக்கணக்கில் கட்டினால் குஞ்சும் தருவோம், வளர்க்கக் கூலியும் மாதாமாதம் தருவோம் என்றார்கள். முட்டையும் கறியும் வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. 2012-இல் அது கவிழ்ந்தது. பத்து வருஷம் கழித்து 2022-இல் வடமாவட்டங்களே ஆடிப்போனது ஆருத்ராவில். லட்ச ரூபாய் போட்டால் மாதம் 25, 30 ஆயிரம் என்றார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய் என்று பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் கணக்குச் சொன்னார்கள்.

எங்கள் வீடும் தப்பவில்லை. என் மச்சான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு சீட்டுக் கம்பெனியில் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டார். அதிலும் ஆறு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. அந்த ஆறு மாதம்தான் தூண்டில். ஏழாம் மாதம் ஷட்டர் இறங்கியது. கழனியை விற்றுவிடு என்று என்னிடம் அவர் சொல்வதற்குப் பின்னாலும் அந்த வலி இருக்கிறது. விற்று என்னிடம் கொடு என்று அவர் கேட்கவில்லை. பேங்கில் போடு என்றுதான் சொன்னார். பட்டுத் தெளிந்தவர்.

நமக்குத் தெரிந்த கணக்கில் இதைச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் நெல் ஒரு போகத்துக்கு ஒன்றரைப் பங்கு விளையும், தண்ணீர் வேண்டாம், பூச்சி வராது, எந்த மழையிலும் சாயாது என்று ஒருத்தன் விதை விற்றால் வாங்குவோமா? வரப்பிலேயே துரத்துவோம். மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து வட்டி என்பதும் அந்த விதைதான். அஞ்சலகம் ஒரு முழு வருஷத்துக்கு ஏழெட்டு வட்டி தரும்போது ஒருத்தன் மாதத்துக்கே அதைவிட அதிகம் தருகிறேன் என்றால், அவன் தருவது அடுத்து வந்து ஏமாந்தவனின் முதல்.

சரி, அரசாங்கம் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தேன். 2019 செப்டம்பரில் பிரதமர் கிசான் மான்தன் என்ற ஓய்வூதியத் திட்டம் தொடங்கினார்கள். ஐந்து ஏக்கருக்குள், அதாவது இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர்கள் சேரலாம். வயதுக்குத் தக்கபடி மாதம் 55 ரூபாயிலிருந்து 200 ரூபாய் கட்ட வேண்டும், அதே அளவு மத்திய அரசும் போடும். 60 ஆனதும் மாதம் 3,000. கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு சிக்கல். ஒன்று, 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம். நம் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் நாற்பதுக்குக் கீழே எத்தனை தலை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, அந்த 3,000 ரூபாய் என்றைக்கும் 3,000-தான். 2019-இல் 18 வயதில் சேர்ந்த பையன் 2061-இல் அதை வாங்குவான். விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து ஏறினால், அன்றைக்கு அந்தப் பணத்துக்கு இன்றைய மதிப்பு நானூறு ரூபாய்கூட இல்லை. 40 வயதில் சேர்ந்தவருக்கே ஆயிரத்து நூறு சொச்சம்தான். 2024 வரைக்கும் நாடு முழுக்க 23 லட்சம் பேர் அளவில்தான் சேர்ந்திருந்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

அடல் பென்ஷனும் அதே 40 வயதுக் கதவுதான். 60-க்கு மேல் மாதம் 5,000 வேண்டும் என்றால் 18 வயதுக்காரர் மாதம் 210 கட்டினால் போதும், 30 வயதுக்காரர் 577, 40 வயதுக்காரர் 1,454. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காலம் என்பது என்ன என்று எனக்கு உறைத்தது. தாமதித்தால் அதே பலனுக்கு ஏழு மடங்கு விதை. உங்கள் வீட்டில் இருபது வயதில் மகளோ மருமகளோ இருந்தால், குறைகள் இருந்தாலும் இதில் சேர்த்துவிடுவது நல்லது என்றே சொல்வேன். வருமான வரி கட்டாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவை எதுவும் இல்லாதவருக்கு மிச்சம் முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரைக்கும் வெறும் 200 ரூபாய். மீதி மாநிலம் போடுவது. நாட்டுக்கே சோறு போட்டவனுக்கு டெல்லி தரும் மரியாதை அவ்வளவு. இதை நாம் எத்தனை மாநாட்டில் தீர்மானமாகப் போட்டிருக்கிறோம்? கடன் தள்ளுபடிக்கும் ஆதரவு விலைக்கும் போராடிய அளவுக்கு முதுமைக்காக நாம் போராடவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இதை யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் மண் வேறு, என் மண் வேறு.

நம்மாழ்வார் அய்யா சொல்லிக் கொடுத்த பலதானிய விதைப்பு நம் எல்லோருக்கும் தெரியும். தானியத்தில் நாலு, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, பசுந்தாளில் நாலு, நறுமணப் பயிரில் நாலு என்று இருபது வகை விதைப்போம். எதற்கு? எந்தச் சத்து மண்ணில் குறைகிறது என்று நமக்கு முழுசாகத் தெரியாது. மழை எப்படி இருக்கும் என்றும் தெரியாது. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று நிற்கும். இவ்வளவு தெளிவாக மண்ணுக்கு யோசிக்கிற நாம், நம் முதுமைக்கு மட்டும் ஒற்றைப் பயிர் வைத்திருக்கிறோம். பொருளாதாரம் தெரிந்தவர்கள் பல இடத்தில் பிரித்துப் போடு என்று சொல்வதும் இதுதான். அவர்களிடம் போய்க் கற்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்ததைக் கழனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

முதலில் கடன். நகைக்கடன் வட்டி கட்டிக்கொண்டே சேமிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது மாதிரி. ஒரு சம்பா அறுவடை முழுக்க அதற்கே போனது. வளையல் திரும்பி வந்தது.

பிறகு மனைவி பெயரில் அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்பு. என் நெல், அரிசி விற்றுமுதலில் ரூபாய்க்கு எட்டுக் காசு. அண்ணன் சங்கத்துக் கணக்கை அப்படியே காப்பியடித்தேன். வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் விற்றுமுதல் என்றால் எட்டுக் காசு 9,600, மாதத்துக்கு 800. இப்போதைய 6.7 வட்டிக்கு ஐந்து வருஷத்தில் அது 57 ஆயிரம் அளவில் வரும். சின்னத் தொகைதான். ஆனால் கண் ஆபரேசனுக்கு அது போதும், வளையல் உள்ளே போக வேண்டியதில்லை. 60 ஆனதும் சேர்ந்ததை அஞ்சலகத்திலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுவதாக எண்ணம். அதில் இப்போது 8.2 வட்டி. லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய் கைக்கு வரும். வட்டி அன்றைக்கு மாறியிருக்கலாம், அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். வங்கியில் வைத்தாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள். கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும்.

பங்குச்சந்தை? இங்கேதான் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். என் மகன் சம்பளத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் குறியீட்டு நிதி ஒன்றில் போடுகிறான். பெரிய ஐம்பது கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் பரவுகிற மாதிரி ஏற்பாடு. 2020 மார்ச் 23 அன்று சந்தை ஒரே நாளில் நூற்றுக்குப் பதின்மூன்று விழுந்தது. சென்செக்ஸ் ஜனவரியில் 42 ஆயிரத்துப் பக்கம் இருந்தது, அன்றைக்கு 26 ஆயிரத்துக்குக் கீழே. நான் அவனிடம் "எட்றா வெளிய" என்று கத்தினேன். அவன் எடுக்கவில்லை. வருஷக் கடைசியில் அது 47 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அவன் சரி, நான் தப்பு. ஆனால் அவனுக்கு 30 வருஷம் இருக்கிறது, விழுந்தால் எழும்வரை காத்திருக்கலாம். எனக்கு ஆறு வருஷம். வெள்ளம் வந்தால் வடியும் வரைக்கும் காத்திருக்க வயசு வேண்டும். அதனால் நான் அதில் போடவில்லை. பத்து, பதினைந்து வருஷத்துக்குத் தொட மாட்டேன் என்கிற பணத்தை மட்டும் அங்கே வைக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. அந்த ஐம்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று மகனைப் படிக்கச் சொன்னேன். பூச்சிக்கொல்லி விற்கும் யூ.பி.எல். 2024 மார்ச் வரைக்கும் அதில் இருந்திருக்கிறது. கழனியில் நஞ்சை நிறுத்திவிட்டு, நஞ்சு விற்றவன் லாபத்தில் கிழவயசு ஓட்டுவதா? மகன் திருப்பிக் கேட்டான்: "பேங்க்ல போடற காசு யாருக்குக் கடனாப் போவுதுன்னு உனக்குத் தெரியுமாப்பா?" தெரியாது. இந்த இடத்தில் முழுச் சுத்தம் யாருக்கும் இல்லை. இருந்தாலும் உறுத்தல் இருப்பது நல்லது.

நிலத்தை விற்கவில்லை. மச்சான் சொன்ன கணக்கு தப்பில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த விலையின் வட்டி என் நெல் வருமானத்தைவிட அதிகம்தான். ஆனால் வட்டி அதே தொகையாக நிற்கும், அரிசி விலை நிற்காது. சாப்பாட்டு அரிசி, பருப்பு, கீரை, எண்ணெய்க்கு வேர்க்கடலை இதெல்லாம் வீட்டிலேயே விளையும்போது விலைவாசி ஏற்றம் பாதி என்னைத் தொடுவதில்லை. முதுமையில் செலவு குறைவாக இருப்பதும் ஒரு வருமானம்தான். அதோடு விற்றால் அந்தத் தொண்ணூறு சென்டைத் திரும்ப வாங்க எந்த வட்டியாலும் முடியாது. நிலம் என் பயிர்களில் ஒன்று. முன்பு அதை ஒரே பயிராக நினைத்திருந்தேன், அது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இப்போது இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் உற்பத்தியாளர் குழுக்கள் மரபு அரிசியும் எண்ணெயும் வாங்கி விற்கின்றன. உறுப்பினருக்குப் பணம் கொடுக்கும்போது ரூபாய்க்கு எட்டுக் காசைப் பிடித்து, அவரவர் பெயரில், கூடுமானால் வீட்டுப் பெண்கள் பெயரில், அஞ்சலகத்திலோ வங்கியிலோ கட்டிவிட வேண்டும். குழுவின் கணக்கில் அந்தப் பணம் ஒரு நாளும் தங்கக் கூடாது. நம் ஆட்கள்தானே என்று நம்பிக் கெட்ட கதைகளை மேலே சொல்லிவிட்டேன். நம் குழுவும் அதற்கு விதிவிலக்கு இல்லை. பிடிக்க வேண்டாம் என்கிறவருக்குப் பிடிக்கக் கூடாது, கடனில் இருப்பவருக்கு அந்தப் போகம் விட்டுவிட வேண்டும். இதை இரண்டு வருஷம் நடத்திக் காட்டிவிட்டு, நெசவாளருக்குப் போடுகிற மாதிரி உழவருக்கும் நாலு காசு போடு என்று மாநில அரசிடம் கேட்போம். கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்த வேண்டும், இயற்கை உழவருக்கு மட்டும் இல்லை. 40 வயதுக் கதவைத் திற, ஓய்வூதியத்தை விலைவாசியோடு சேர்த்து உயர்த்து என்று டெல்லியிடம் கேட்போம். குத்தகைக்கு உழுகிறவருக்கும் நடவுக்கு வரும் அக்காமார்களுக்கும் இதில் இடம் எப்படி என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டில் நிலம் என்ற முதல் பயிரே கிடையாது. அதைப் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் எழுதினால் நல்லது.

சொர்ணவாரி அறுவடை முடிந்து எங்கள் வட்டாரக் கூட்டம் கூடும்போது இதை முன்வைக்கப் போகிறேன். அண்ணனையும் அவர் பாஸ்புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். "அந்த எட்டுக் காச இத்தினி வருஷம் திட்டினனே, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன்.